சொல் விளங்கின் கணக்கு விளங்கும்: விகித வினாக்களை அணுகும் முறை

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. பெரிய கோயிலுக்கு நேர் எதிர்ப்புறத்தில், மலையின் மேற்குப் பகுதியில் அப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. அவ்வூரிலிருந்து வந்து தமிழ் இளங்கலை பயின்றார் ஒரு மாணவர். அவர் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை அவரே. அவர் அமர்ந்திருந்த வகுப்பில் ஒருநாள், யாப்பிலக்கணப் பாடத்தின் இடையே இளைப்பாறுதலாக ஒரு வினாவைத் தொடுத்தேன்.

"ஒருவர் மலையை ஒருமுறை சுற்றிவர 4 மணி நேரம் ஆகிறது. பத்துப் பேர் சேர்ந்து நடந்தால் எத்தனை மணி நேரம் ஆகும்?"

சிலர் 40 மணி என்றனர். வேறு சிலர், ஆள் கூடினால் நேரம் குறையும் என்று எண்ணி 24 நிமிடம் என்றனர். அடி அண்ணாமலை மாணவர் மட்டும் சிரித்தார். "ஐயா, முழுநிலவு நாளில் எங்கள் ஊர் வழியே எத்தனையோ ஆயிரம் பேர் நடக்கிறார்கள். அவரவர்க்கு ஆகும் நேரம் அவரவர்க்குத்தான். பத்துப் பேர் நடந்தாலும் 4 மணிதான்" என்றார்.

அதே மாணவர் பட்டம் பெற்றபின் அரசுப் பணிக்கான போட்டித் தேர்வெழுதி, வெற்றி பெறாமல் என்னைக் காண வந்தார். "தமிழ்ப் பகுதியை நிறைவாக எழுதினேன், ஐயா. கணக்குப் பகுதியைப் படித்தே பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு விடையைக் கருமையாக்கிவிட்டு வந்தேன்" என்றார். வகுப்பில் எவரும் சொல்லாத விடையைச் சொன்னவர், தேர்வுக் கூடத்தில் வினாவைப் படிக்கவே அஞ்சியது ஏன்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

தேர்வில் இதன் இடம்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தொகுதி 4 தேர்வு பத்தாம் வகுப்புத் தரத்தில் அமைந்தது. அதில் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். தமிழ்ப் பகுதிக்கு 100 வினாக்களும், பொது அறிவுக்கு 75 வினாக்களும், திறனறிவுக்கு 25 வினாக்களும் உரியன. விகிதமும் விகிதசமமும் திறனறிவுப் பாடத்திட்டத்தில் தனித் தலைப்பாகவே இடம்பெற்றுள்ளன. அவையன்றி விழுக்காடு, வட்டி, காலமும் வேலையும் ஆகிய தலைப்புகளுக்கும் விகித அறிவே அடித்தளம்.

25 வினாக்களுக்கு 37.5 மதிப்பெண். அதை முற்றாகக் கைவிடுபவர், பந்தயம் தொடங்குமுன்னரே எட்டில் ஒரு பங்குத் தொலைவைப் பிறர்க்கு விட்டுக்கொடுத்தவர் ஆகிறார். ஒரு வினாவுக்குக் கிடைக்கும் நேரத்தையும் விகிதத்தாலேயே அறியலாம். 180 நிமிடத்தை 200 வினாக்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 54 நொடி வரும்.

54 நொடியில் விடை காண விரைவான பெருக்கல் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. விகித வினாக்களில் மாணவர் இடறுவது பெரும்பாலும் பெருக்கலிலோ வகுத்தலிலோ அன்று. வினாவின் வாக்கியத்தைப் பொருள்கொள்வதில்தான். வேற்றுமை உருபையும் அடைமொழியையும் நுணுகி நோக்கப் பழகிய தமிழ் மாணவர்க்கு இது கைவந்த கலை. ஆதலால் "தமிழ் படித்தவர்க்குக் கணக்கு வாராது" என்னும் அச்சம் அடிப்படையற்றது. வினாவை மும்முறை நோக்கும் வழியொன்றை ஈண்டுக் காண்போம்.

முதல் நோக்கு: எதற்கும் எதற்கும்?

ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு அளவுகளை வகுத்து ஒப்பிடுவதே விகிதம். இரண்டும் ஓரினமாக மட்டுமன்றி ஒரே அலகிலும் இருத்தல் வேண்டும். 75 காசுக்கும் 3 ரூபாய்க்கும் உள்ள விகிதம் யாது? 75:3 என்று எழுதி 25:1 எனச் சுருக்குவது பிழை. 3 ரூபாய் என்பது 300 காசு. எனவே 75:300, அதாவது 1:4.

நில வரைபடங்களில் காணும் 1:50,000 என்னும் குறிப்பும் விகிதமே. படத்தில் 1 செ.மீ. என்பது தரையில் 50,000 செ.மீ., அதாவது அரைக் கிலோமீட்டர். மலைசுற்றும் பாதையை 14 கி.மீ. என்று கொண்டால், அப்படத்தில் அது 28 செ.மீ. நீளக் கோடாக அமையும்.

அடுத்து வரிசை. "மாணவர்க்கும் மாணவியர்க்கும் உள்ள விகிதம் 3:4" எனின் முன்னுறுப்பு மாணவர்க்கும் பின்னுறுப்பு மாணவியர்க்கும் உரியது. "முறையே" என்னும் சிறுசொல் வினாவில் நிற்பது இவ்வரிசையைக் காக்கவே.

வரிசையினும் நுட்பமானது பகுதிக்கும் முழுமைக்கும் உள்ள வேறுபாடு. ஒரு வினாவைக் காண்க:

"ஒரு வகுப்பில் மாணவியர்க்கும் வகுப்பினர் அனைவர்க்கும் உள்ள விகிதம் 4:7. வகுப்பினர் 56 பேர் எனின் மாணவர் எத்தனை பேர்?"

"அனைவர்க்கும்" என்ற சொல்லைக் கவனியாதவர் 4-ஐயும் 7-ஐயும் கூட்டி 56-ஐ 11-ஆல் வகுக்கத் தொடங்குவர். விடை முழு எண்ணாக வாராது. மனிதரைப் பின்னமாக்க இயலாது. அதுவே பிழையை உணர்த்தும் மணியோசை. இங்கு 7 பங்கு என்பது முழு வகுப்பு. ஆகவே ஒரு பங்கு 8. மாணவியர் 32, மாணவர் எஞ்சிய 24.

இரண்டாம் நோக்கு: தந்த எண் எத்தனை பங்குக்கு உரியது?

பங்கீட்டு வினாக்கள் அனைத்தையும் "ஒரு பங்கு எவ்வளவு?" என்னும் ஒரே திறவுகோலால் திறக்கலாம். ஆனால் வினாவில் தரப்பட்ட தொகை எத்தனை பங்குகளுக்கு உரியது என்பதைச் சொல்லே அறிவிக்கும். இரு பங்காளிகள் 3:5 என்ற விகிதத்தில் ஆதாயத்தைப் பகிர்வதாகக் கொண்டு, பின்வரும் மூன்று வாக்கியங்களை ஒப்பிடுக.

(அ) மொத்த ஆதாயம் ரூ.960. இது 8 பங்குக்கு உரியது. ஒரு பங்கு ரூ.120. எனவே இருவர்க்கும் முறையே ரூ.360, ரூ.600.

(ஆ) ஒருவர் மற்றவரைவிட ரூ.960 மிகுதியாகப் பெற்றார். இது 5-க்கும் 3-க்கும் உள்ள வேறுபாடாகிய 2 பங்குக்கு உரியது. ஒரு பங்கு ரூ.480. எனவே ரூ.1,440, ரூ.2,400.

(இ) குறைந்த பங்கு பெற்றவருக்குக் கிடைத்தது ரூ.960. இது 3 பங்குக்கு உரியது. ஒரு பங்கு ரூ.320. எனவே மற்றவர் பெற்றது ரூ.1,600.

விகிதமும் தொகையும் ஒன்றே, விடைகள் மூன்று. "மொத்தம்", "விட", "குறைந்த பங்கு" ஆகிய சொற்களே வழியைப் பிரிக்கின்றன. கொள்குறி வினாக்களில் இம்மூன்று வழிகளில் வரும் எண்களும் விடைப் பட்டியலில் அடுத்தடுத்து நிற்கலாம். நம் விடை பட்டியலில் உள்ளது என்பதாலேயே அது சரியாகிவிடாது.

தமிழுக்கே உரிய மற்றொரு நுட்பமும் உண்டு. "கூலி ரூ.200 உயர்ந்தது" என்பதும் "கூலி ரூ.200 ஆக உயர்ந்தது" என்பதும் ஒன்றல்ல. முன்னது கூடிய அளவையும், பின்னது கூடியபின் நிற்கும் அளவையும் குறிக்கும். அவ்வாறே, "ரூ.400 ஆக இருந்த நாட்கூலி 5:6 என்ற விகிதத்தில் உயர்த்தப்பட்டது" எனின், பழைய கூலி 5 பங்கு, புதிய கூலி 6 பங்கு என்பது பொருள். ஒரு பங்கு ரூ.80, புதிய கூலி ரூ.480.

இரண்டு விகிதங்களை இணைக்குமிடத்தும் இந்நோக்கே உதவும். முதல்வர்க்கும் இரண்டாமவர்க்கும் 2:3. இரண்டாமவர்க்கும் மூன்றாமவர்க்கும் 4:5. மூவர்க்கும் சேர்த்து ரூ.700 எனக் கொள்வோம. இரண்டாமவரே இணைக்கும் பாலம். அவர் ஓரிடத்தில் 3 ஆகவும் மற்றோரிடத்தில் 4 ஆகவும் இருப்பதால் இரண்டையும் 12 ஆக்குக. முதல் விகிதம் 8:12; அடுத்தது 12:15. மூவர்க்கும் 8:12:15, மொத்தம் 35 பங்கு, ஒரு பங்கு ரூ.20. எனவே ரூ.160, ரூ.240, ரூ.300.

மூன்றாம் நோக்கு: உடன் செல்வதா, எதிர் செல்வதா, உறவே இல்லையா?

இரண்டு விகிதங்கள் சமமாயின் அது விகிதசமம். அதில் ஈற்றுறுப்புகளின் பெருக்கற்பலனும் நடு உறுப்புகளின் பெருக்கற்பலனும் சமமாக இருக்கும். மூன்று எண்கள் தெரிந்தால் நான்காவதைக் காணலாம்.

இம்முறை மிகத் தொன்மையானது. கி.பி. 499-இல் ஆரியபட்டர் இயற்றிய ஆரியபட்டீயத்தில் இது திரைராசிகம் என்னும் பெயரால் இடம்பெறுகிறது. அறிந்த அளவு பிரமாணம். அதற்குரிய விளைவு பலன். நாம் வேண்டும் அளவு இச்சை. பலனை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை கிட்டும். கி.பி. 628-இல் பிரமகுப்தர், பிரமாணமும் இச்சையும் ஓரினமாக இருத்தல் வேண்டும் என்று வரையறுத்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் இயற்கணித நூலில் கொடுக்கல் வாங்கலுக்கெனத் தனிப் பகுதி வகுத்து, மூன்று அறிந்த எண்களிலிருந்து நான்காவதைக் காணும் நெறியை விளக்கினார். இந்தியாவின் கலைகளை ஆராய்ந்த அல்-பிரூனி (973–1048) இந்தியரின் இவ்விராசி முறைகளைப் பற்றி அரபு மொழியில் தனி நூலே எழுதினார். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் கணக்குகளைச் செய்யுள் வடிவிலேயே தந்தது. எண்ணும் எழுத்தும் நம் மரபில் பகைமை கொண்டதில்லை என்பதற்கு அந்நூலே சான்று.

பிரமகுப்தரின் வரையறையை மாணவர் கருத்திற் கொள்க. பெருக்குமுன் இனம் பார்க்கவேண்டும் என்பதே அவர் முதலில் சொன்னது.

*உடன் செல்வது.* 25 பேருக்குச் சோறாக்க 4 கிலோ அரிசி வேண்டுமெனின் 400 பேருக்கு எவ்வளவு? ஆள் பெருகின் அரிசியும் பெருகும். இது நேர் மாறல். 400 என்பது 25-இன் 16 மடங்கு. எனவே அரிசி 64 கிலோ.

*எதிர் செல்வது.* மணிக்கு 3.5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் 14 கி.மீ. பாதையை 4 மணி நேரத்தில் சுற்றுவார். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடப்பவர்க்கு மூன்றரை மணி நேரம் போதும். வேகங்களின் விகிதம் 7:8. நேரங்களின் விகிதம் 8:7. வேகம் கூடக் காலம் குறைகிறது. இது எதிர் மாறல். இங்கு மாறாது நிற்பது வேகமும் காலமும் பெருகிய பலனாகிய 14 கி.மீ. தொலைவு.

*உறவே இல்லாதது.* பத்துப் பேர் சேர்ந்து மலையைச் சுற்றும் வினா இவ்வகையது. நடப்போர் எண்ணிக்கைக்கும் நடக்கும் நேரத்துக்கும் தொடர்பில்லை. மூன்று எண்கள் கண்ணில் பட்டவுடனே பெருக்கத் துணிவோர் இங்கேதான் வீழ்வர்.

இனி, பலர் தவறவிடும் விடுதிக் கணக்கு ஒன்று:

"ஒரு விடுதியில் 24 மாணவர்க்கு 20 நாளுக்குப் போதுமான உணவுப்பொருள் உள்ளது. 5 நாள் கழித்து மேலும் 6 மாணவர் வந்து சேர்ந்தனர். எஞ்சிய பொருள் எத்தனை நாளுக்கு வரும்?"

24-ஐ 20-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்து 16 நாள் என்பார் பலர். "5 நாள் கழித்து", "எஞ்சிய" ஆகிய இரு சொற்களும் அவர் கண்ணுக்குத் தப்பின. புதியவர் வரும்போது இருப்பு, 24 பேருக்கு 15 நாளுக்கு உரியது. அஃதாவது 360 ஆள்நாள் உணவு. உண்போர் 30 பேர். எனவே 12 நாள்.

இந்த "ஆள்நாள்" என்னும் கருத்து கூட்டு மாறல் வினாக்களையும் எளிதாக்கும். 12 தொழிலாளர் நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழைத்து 10 நாளில் 240 மீட்டர் சுவர் எழுப்புகின்றனர். 15 தொழிலாளர் நாளொன்றுக்கு 6 மணி நேரம் உழைத்து 360 மீட்டர் எழுப்ப எத்தனை நாள் ஆகும்? முதற்குழுவின் உழைப்பு 12 × 8 × 10 = 960 ஆள்மணி. ஒரு மீட்டருக்கு 4 ஆள்மணி. 360 மீட்டருக்கு 1,440 ஆள்மணி வேண்டும். இரண்டாம் குழுவின் ஒருநாள் உழைப்பு 15 × 6 = 90 ஆள்மணி. 1,440-ஐ 90-ஆல் வகுக்க 16 நாள். சூத்திரம் எதனையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

மாறாததைப் பற்றுக

சில வினாக்களில் விகிதமே மாறிவிடும். அங்கே மாறாமல் நிற்பது எது என்று தேடுதல் வேண்டும்.

"தந்தைக்கும் மகனுக்கும் இன்றைய வயது விகிதம் 4:1. ஐந்து ஆண்டு கழித்து 3:1. இன்றைய வயது யாது?"

ஆண்டுகள் கழியக் கழிய வயதின் விகிதம் மாறும். வயது வேறுபாடு மாறாது. இன்று வேறுபாடு 3 பங்கு; பின்னர் 2 பங்கு. வேறுபாடு ஒன்றே ஆதலின் இரண்டையும் 6 பங்காக்குக. 4:1 என்பது 8:2 ஆகும். 3:1 என்பது 9:3 ஆகும். இருவர்க்கும் ஒவ்வொரு பங்கு கூடியுள்ளது. அந்த ஒரு பங்கே 5 ஆண்டு. ஆகவே தந்தைக்கு 40, மகனுக்கு 10. ஐந்து ஆண்டு கழித்து 45, 15, விகிதம் 3:1. விடை பொருந்துகிறது.

கலவைக் கணக்கும் இத்தகையதே. 40 லிட்டர் கலவையில் பாலும் நீரும் 7:1. அதனை 7:2 ஆக்க எவ்வளவு நீர் சேர்க்கவேண்டும்? சேர்ப்பது நீர் மட்டுமே, பால் மாறாது. 8 பங்கு 40 லிட்டர். ஒரு பங்கு 5 லிட்டர். பால் 35, நீர் 5. பால் 7 பங்காகவே நிற்க, நீர் 2 பங்காகிய 10 லிட்டர் ஆதல் வேண்டும். சேர்க்கவேண்டியது 5 லிட்டர். வயதில் மாறாதது வேறுபாடு. கலவையில் மாறாதது பால். விடுதியில் மாறாதது இருப்பு. மலைப்பாதையில் மாறாதது தொலைவு. மாறாததைப் பற்றியவர் வழி தவறார்.

பயிலும் முறை

தேர்வுக்கு அணியமாகும் மாணவர் முதல் இரு கிழமைகள் விரைவைக் கருத வேண்டா. நாள்தோறும் பத்து வினாக்களை எடுத்துக்கொள்க. விடை காணுமுன் ஒவ்வொன்றின் கீழும் மூன்று குறிப்புகள் எழுதுக: எதற்கும் எதற்கும் விகிதம், தந்த எண் எத்தனை பங்குக்கு உரியது, உறவு நேரா, எதிரா, இன்மையா. வினாவின் போக்கை மாற்றும் சொல்லுக்கு அடிக்கோடிடுக. கண்ட விடையை மீண்டும் வினாவினுள் வைத்துச் சரிபார்க்க. தவறியவற்றை ஒரு தனி ஏட்டில் எழுதி, தவறு கணக்கிலா சொல்லிலா என்று குறித்து வைக்க. எவ்விடத்தில் கால் இடறுகிறது என்பதை அவ்வேடே காட்டிக்கொடுக்கும். இப்பழக்கம் ஊன்றியபின் 54 நொடிக்குள் முடிக்க முயல்க.

ஆசிரியப் பெருமக்கள் இளமையிலேயே இதனைத் தொடங்கலாம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் எட்டாம் வகுப்புப் பயில்வோர் எழுதும் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் தேர்வாகும் பிள்ளைக்கு, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கிறது. எளிய குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு இடையில் நின்றுபோகாமல் காக்கவல்ல தொகை அது. ஊர்ப் பெரியவர்கள் மாலை வேளையில் ஓர் அறையையும் ஒரு கரும்பலகையையும் தந்துதவினால், பட்டம் பெற்ற இளைஞர் அங்கே பாடம் நடத்தலாம்.

முன்னே குறிப்பிட்ட மாணவர்க்கும் இம்முறையையே காட்டினேன். முதல் நாள் விடுதிக் கணக்கைக் கொடுத்து, "இதனைக் கணக்கு என எண்ணாதே. ஒரு செய்யுள் என எண்ணிப் பொருள் சொல்" என்றேன். இருமுறை படித்தார். "எஞ்சிய" என்ற சொல்லின்மேல் விரலை வைத்து நிமிர்ந்தார். "ஐயா, 15 நாள்தானே மீதி?" என்றார். பெருக்கி வகுக்க அதன்பின் அவருக்கு அரை நிமிடமும் ஆகவில்லை.

இன்று அவர் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். மாலையில் தம் ஊர்த் திண்ணையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்கும் சொல்லித் தருகிறார். அவர்களிடம் அவர் கேட்கும் முதல் வினா, பத்துப் பேர் மலையைச் சுற்ற எத்தனை மணி நேரம் என்பதே. 40 என்றும் 24 என்றும் பிள்ளைகள் கூவுவார்களாம். "பெருக்காதீர்கள், முதலில் படியுங்கள்" என்பாராம் அவர். மாணவச் செல்வங்களுக்கு யான் சொல்ல விழைவதும் அதுவே.